ஆங்கிலப் பழமொழிக்கு உருது இணை: மனப்பாடம் ஆகிறது, வாக்கியத்தில் தப்பாகிறது. உதவி வேண்டும்

வாணியம்பாடி டியூஷன்:
வணக்கம். வாணியம்பாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் உருது மீடியம். எனக்கு உருது கேட்டால் புரியும், படிக்க வராது. பிள்ளைகளிடம் ஒரு கைடு இருக்கிறது. ஒரு பக்கம் ஆங்கில மரபுத்தொடர், எதிரே உருது. கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னால்தான் சிக்கல்.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு எதிரே 'ஈத் கா சாந்த் ஹோனா' (பெருநாள் பிறை ஆவது) என்று இருக்கிறது. அதை வைத்து ஒரு பெண் 'மை அங்கிள் ஹாஸ் பிகம் எ ப்ளூ மூன்' என்று எழுதியிருக்கிறாள். இன்னொரு பையன், அண்ணனுக்குக் கிடைக்க வேண்டிய வேலையை ஒருத்தர் கெடுத்துவிட்டார் என்று சொல்ல வந்து, 'ஹி புல்டு மை பிரதர்ஸ் லெக்' என்று எழுதினான். இலக்கணத்தில் குறை இல்லை. தப்பு எங்கே என்று அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? பேசாமல் உருதுவை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே விளக்கிவிடலாமா?

ஆம்பூர் பாய்:
விட்டுவிடாதீர்கள் டீச்சர். அந்தப் பெண் மனதில் நினைத்தது அருமையான உருது. ரொம்ப நாளாகக் கண்ணில் படாத ஆளைப் பார்த்தால் 'க்யா பாய், ஈத் கா சாந்த் ஹோ கயே' என்போம். பெருநாள் பிறையைப் பார்க்க ஊரே மாடியில் ஏறி நிற்குமே, அந்த ஏக்கமும் உரிமையும் அதில் இருக்கிறது. அது ஆளைப் பற்றிய பேச்சு. ஆங்கிலத் தொடரோ, காரியம் எத்தனை அபூர்வமாக நடக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். 'மை அங்கிள் விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று வினைச்சொல்லோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தமிழில் 'அத்தி பூத்தாற்போல வருவார்' என்கிறோமே, அது இதற்கு இன்னும் நெருக்கம்.

'டாங் கீஞ்ச்னா', அதாவது காலை இழுப்பது, அந்தக் கதையும் அப்படித்தான். முன்னுக்கு வருகிறவனைக் கீழே இழுப்பது என்றுதான் எங்கள் வீட்டுப் பேச்சில் பொருள். ஆங்கிலத்தில் காலை இழுப்பது சும்மா விளையாட்டுக்குச் சீண்டுவது. பையன் உருதுவில் சரியாக நினைத்து, ஆங்கிலத்தில் வேறு எதையோ சொல்லிவிட்டான்.

ஓய்வு ஆசிரியர்:
பாய் சொல்வது சரி. அம்மா, அந்தக் கைடில் இல்லாத ஒன்றை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: இதை யார், யாரிடம், என்ன நேரத்தில் சொல்வார்கள்? பொருளை எழுதுவதைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் செலவிட வேண்டாம். முதலைக் கண்ணீர் உருதுவிலும் 'மகர்மச் கே ஆன்ஸூ'தான், ஆங்கிலத்திலும் முதலைதான். சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். படம் வேறாக இருந்து கருத்து ஒன்றானால் பிள்ளைகளுக்கே பிடிக்கும். 'எ பேட் வொர்க்மேன் பிளேம்ஸ் ஹிஸ் டூல்ஸ்' என்பதற்கு உருதுவில் 'நாச் ந ஜானே, ஆங்கன் டேடா'. ஆடத் தெரியவில்லை, முற்றம் கோணலாம். நம் ஊரில் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளே, அவளேதான்! இங்கே உங்கள் தமிழையும் தயங்காமல் உள்ளே கொண்டுவாருங்கள், உருது பேசும் பிள்ளைகளுக்கும் அது தெருவில் கேட்ட மொழிதான். படம் ஒன்றாக இருந்து கருத்து மாறும் 'கால் இழுக்கிற' வகைதான் ஆபத்து. அங்கே நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள்.

வாணியம்பாடி டியூஷன்:
நன்றி சார், நன்றி பாய். இன்னொன்றும் கேட்க வேண்டும். சில இடத்தில் உருது வரியே பிள்ளைகளுக்குப் புரியவில்லை. 'நோ யூஸ் கிரையிங் ஓவர் ஸ்பில்ட் மில்க்' என்பதற்கு 'அப் பச்தாயே க்யா ஹோத், ஜப் சிடியாங் சுக் கயீங் கேத்' என்று இருக்கிறது. படித்துவிட்டு முழிக்கிறார்கள்.

ஆம்பூர் பாய்:
முழிக்கத்தான் செய்வார்கள். அந்த 'ஹோத்' வடக்கத்திப் பழைய வடிவம். நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெற்கத்தி உருதுவான தக்னி, வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்கிற வீடு. குருவிகள் வயலைக் கொத்தித் தின்று போன பிறகு வருந்தி என்ன பயன் என்று முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள். முடிந்தால் ஒவ்வொருவரையும் நானியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) கேட்டு ஒரு பழமொழி எழுதிவரச் சொல்லுங்கள். கைடில் இல்லாததெல்லாம் வரும். 'ஊண்ட் கே மூ மேங் ஸீரா' என்று ஒன்று உண்டு, ஒட்டகத்தின் வாயில் சீரகம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நீங்கள் சொல்வதும், 'எ டிராப் இன் தி ஓஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்வதும் அதைத்தான்.

வாணியம்பாடி டியூஷன்:
சனிக்கிழமை வகுப்பில் செய்து பார்த்தேன். 'யாரிடம், எப்போது' என்று கேட்டதுமே அந்தப் பெண் தன் வாக்கியத்தைத் தானே அடித்துவிட்டுத் திருத்தினாள். மனசு நிறைந்துவிட்டது. நானிகளின் பழமொழிகளை என் தங்கை உருது எழுத்திலேயே எக்செலில் ஏற்றித் தருகிறாள். அதில் ஒரு தொல்லை. 'கீ' என்ற உருதுச் சொல்லைத் தேடினால் சில வரிகள் மட்டும் சிக்குவதே இல்லை.

ஓய்வு ஆசிரியர்:
அரபி கீபோர்டில் தட்டியிருப்பார். கம்ப்யூட்டருக்கு அரபி 'யே' வேறு எழுத்து, உருது 'யே' வேறு எழுத்து. சொல்லின் நடுவே இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கடைசியில் வந்தால் அரபிக்குக் கீழே இரண்டு புள்ளி இருக்கும். 'கீ'யில் வரும் 'காஃப்' எழுத்திலும் இப்படி இரண்டு வடிவம் உண்டு. ஃபோனில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் உருதுவைச் சேர்த்துக்கொண்டு தட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏற்றியதில், ரீபிளேஸ் கொடுத்து அரபி 'யே'யை உருது 'யே'யாகவும், அரபி 'காஃப்'பை உருது 'காஃப்'பாகவும் மாற்றிவிட்டால் தேடல் சரியாகும்.