தீபாவளி அட்டையில் ‘கத்தோ பிமா’ என்று எழுதுவதா, ‘பருப்பு வடை’ என்று எழுதுவதா?

ஓலைச்சுவடி (போ பசேன்)
இங்கே மொரீஷியஸில் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்காக நாலு செய்முறை அட்டை அச்சடிக்கப் போகிறோம். உள்ளே எல்லாம் தமிழ், தலைப்பு மட்டும் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் என்றால் அட்டை போட்டே பயனில்லை. என் பட்டியல் இது: ‘மிளகாய் கேக்’ என்று பொருள்படும் கத்தோ பிமாவுக்குப் பருப்பு வடை, கத்தோ பத்தாத்துக்குச் சோமாசி, மூல்க்குவுக்கு முறுக்கு, ருகாய்க்கு ஊறுகாய். ரசம் ‘ராசோன்’ ஆனதும் பாயசம் ‘பாயாசோன்’ ஆனதும் வாய்வழக்கில் தேய்ந்தவை, எழுதும்போது திருத்திக்கொள்கிறோம். மற்றவற்றுக்கும் அதே நியாயம்தானே? ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கும் நாட்டில் வடையை வடை என்று எழுதக் கூச்சம் எதற்கு?

கடாய்க்காரி (ரோஸ் ஹில்)
ஐயா, ரசம், பாயசம், முறுக்கு மூன்றுக்கும் எனக்கு மறுப்பில்லை. சொல்தான் தேய்ந்தது, பண்டம் அதே. கத்தோ பிமா அப்படியா? ‘பருப்பு வடை’ என்று படித்த பிள்ளை யூடியூபில் தேடினால் என்ன வரும்? கடலைப்பருப்பு, இரண்டு மணி நேர ஊறல், சோம்பு, உள்ளங்கையில் தட்டிய தட்டை வடை. நாம் போடுவது உடைத்த மஞ்சள் பட்டாணி. அது இரண்டு மணி நேரத்தில் ஊறாது, நடுப்பகுதி கெட்டியாகவே நிற்கும். அரைத்தால் மாவு ஒரு பக்கம், கல் ஒரு பக்கம்.

அட்டையில் இருக்க வேண்டியது: அரைக் கிலோ உடைத்த பட்டாணி, இரவு முழுக்க ஊறல். காலையில் அரை மணி நேரம் சல்லடையில் வடிய விட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் ரவையைவிடச் சற்றுப் பெரிய பருக்கையாக அரைக்க வேண்டும். வெங்காயத்தாள் ஒரு பெரிய கைப்பிடி, கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆறு முதல் எட்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி. நெல்லிக்காய் அளவு உருட்டிப் பெருவிரலால் லேசாக ஓர் அமுக்கு. சோம்பு கிடையாது, அரிசி மாவு கிடையாது.

ஓலைச்சுவடி (போ பசேன்)
பருப்பு மாறினால் பெயர் மாறிவிடுமா அம்மா? உளுந்தில் போட்டாலும் வடை, கீரை சேர்த்தாலும் வடை. ஊறவைத்து, அரைத்து, பொரித்தால் வடை. அப்படியென்றால் ‘பட்டாணிப் பருப்பு வடை’ என்று எழுதிவிடுகிறேன். தீர்ந்தது.

கொங்குத்தம்பி (எபேன், சொந்த ஊர் ஈரோடு)
ஐயா சொல்வதில் பாதி சரி. ஊரில் டீக்கடை வடையில் விலைக்காகப் பட்டாணிப் பருப்பு கலப்பது சாதாரணம். அதை யாரும் வடை இல்லை என்று சொன்னதில்லை. ஆக, பருப்பை வைத்து வழக்காடினால் அக்கா தோற்றுவிடுவார்.

ஆனால் ‘சரியான தமிழ்ப் பெயர்’ என்கிறீர்களே, எந்த ஊர்த் தமிழ்? மற்ற ஜில்லாவில் அதிரசம் என்றால் எங்கள் பக்கம் கச்சாயம். அவர்களுக்குப் போளி, எங்களுக்கு ஒப்பிட்டு. பூரணத்தை மாவில் முக்கிப் பொரிக்கும் உருண்டை ஓரிடத்தில் சுழியம், இன்னோரிடத்தில் சுசியம், காரைக்குடிப் பக்கம் சீயம். சோமாசிக்கே சோமாஸ், கரிச்சிகாய் என்று இரண்டு பெயர் கூட உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பெயரில் நிற்காததை மொரீஷியஸில் நிறுத்தி வைக்கப் பார்க்கிறீர்கள்.

கடாய்க்காரி (ரோஸ் ஹில்)
தம்பி, பருப்பை விடுகிறேன். வடிவத்தை விடமாட்டேன். தட்டை வடையின் ஓரம் மெல்லியது, அங்கேதான் மொறுமொறுப்பு. கத்தோ பிமாவுக்கு மேலே ஓடு, உள்ளே மெத்து. காலையில் திபேன் ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, மூன்று நாலை உள்ளே வைத்து நசுக்கிச் சாப்பிடுவதற்கு அந்த மெத்து வேண்டும். தட்டை வடையை அப்படி வைத்தால் ரொட்டி கிழியும், வடை நொறுங்கி மடியில் விழும்.

வடிவம் மாறினால் சூடும் மாறும். தட்டை வடைக்கு எண்ணெய் 180 பாகை இருந்தாலும் தாங்கும். மூன்று செ.மீ. உருண்டைக்கு 170ஐத் தாண்டினால் மேலே சிவந்து நடுவில் வேகாத பட்டாணி வாடை நிற்கும். 160க்குக் கீழே போனால் எண்ணெய் குடிக்கும். கிள்ளிப் போட்ட மாவு அடியில் போய் இரண்டு மூன்று விநாடியில் மெதுவாக எழும்ப வேண்டும், அதுதான் அளவு. தலைப்பில் வடை என்று போட்டுவிட்டு உள்ளே உருட்டு என்று எழுதினால் பிள்ளை தலைப்பைத்தான் நம்பும்.

சேன் பியேர் மல்பார் (ரெயூனியோன்)
பக்கத்துத் தீவிலிருந்து ஒரு குறுக்கீடு. உங்கள் ‘கத்தோ’ எங்களுக்கு ‘போன்போன் பிமா’. காரப் பலகாரத்துக்கு நீங்கள் கேக் என்று பெயர் வைத்தீர்கள், நாங்கள் மிட்டாய் என்று வைத்தோம். இதில் யாரும் யாரையும் சிரிக்க முடியாது.

பண்டமும் வேறு. இங்கே பழைய கை ‘புவா து காப்’ என்ற பெரிய வெள்ளை அவரைக்கொட்டையில்தான் செய்யும். இரவு ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கித் தோல் எடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுத் தோலோடு அரைத்தால் கசப்பு கொஞ்சம் வரும், உருண்டையும் எண்ணெயில் பிளக்கும். இஞ்சி, மஞ்சள் சேர்ப்போம். நடுவில் துளை போடுவோம். துளையைப் பார்த்து மெதுவடை என்று நினைத்துக் கடித்தால் ஏமாற்றம்தான், உளுந்து ஒரு பருக்கைகூட இல்லை. உங்கள் அட்டை இங்கே வந்தால் ‘பருப்பு வடை’ என்று மூன்று வேறு பண்டங்களைச் செய்வார்கள்.

டர்பன் வடை (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)
ஐயா, சோமாசிக்கு வருகிறேன். ஒரே பெயர் இருந்தால் குழப்பம் தீரும் என்பது ஆசை மட்டுமே. எங்கள் ஊரில் ‘போளி’ என்று கேட்டால் தேங்காய்ப் பூரணம் வைத்து அரைவட்டமாக மடித்துப் பொரித்ததைத் தருவார்கள். அதாவது உங்கள் சோமாசியின் தங்கை. அதே சொல்லைச் சென்னையில் கேட்டால் தோசைக்கல்லில் சுட்ட தட்டை வருகிறது. சொல் சுத்தத் தமிழ்தான், பண்டம் வேறு. காரத்திலும் இதே கதை: டர்பனில் பஜியா என்பதைக் கேப் டவுன் பக்கம் ‘சில்லி பைட்ஸ்’ என்பார்கள். பெயரில் மிளகாய் இருக்கிறதே என்று அதையும் கத்தோ பிமாவையும் ஒன்றாக்கிவிட முடியாது. அது கடலைமாவுக் கரைசலில் கீரையும் வெங்காயமும் போட்டுக் கரண்டியால் விடுவது, ஊறலும் இல்லை அரைப்பும் இல்லை.

கடாய்க்காரி (ரோஸ் ஹில்)
நன்றி டர்பன் அண்ணே. கத்தோ பத்தாத்தைச் சோமாசி என்று எழுதினால் சண்டையோடு நிற்காது, பண்டமே கெட்டுப்போகும். ஏன் என்று சொல்கிறேன்.

சோமாசியின் மேல்தோல் மைதா, சூடான நெய் ஊற்றிப் பிசைந்தது. உள்ளே பொட்டுக்கடலை, கொப்பரை, சர்க்கரை, கசகசா, எல்லாம் உலர்ந்தது. டின்னில் இரண்டு வாரம் நிற்கும். கத்தோ பத்தாத்தின் மேல்தோல் சர்க்கரைவள்ளி, உள்ளே பச்சைத் தேங்காய். மறுநாள் மாலைக்குள் தின்றுவிட வேண்டும். ‘சோமாசி’ என்று படித்துவிட்டு முந்தின ஞாயிறே செய்து டின்னில் அடைத்தால் தீபாவளியன்று புளித்த வாடை வரும்.

செய்முறை: ஒரு கிலோ சர்க்கரைவள்ளியைத் தோலோடு ஆவியில் வேகவைக்க வேண்டும். தண்ணீருக்குள் போட்டு வேகவைத்தால் கிழங்கு நீரைக் குடிக்கும், அதைச் சரிக்கட்ட மாவு கூடும், மாவு கூடினால் மேல்தோல் செருப்பு மாதிரி ஆகும். தோல் உரித்து, நார் எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே 250 கிராம் மைதா சேர்த்து ஒன்றுகூட்டினால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. ஒரு தேங்காய்த் துருவல், 150 கிராம் சர்க்கரை, ஏலக்காய். இதை வாணலியில் ஐந்து நிமிடம் கிளறி ஈரத்தை வற்ற வைக்க வேண்டும். வற்றாத பூரணம் உள்ளே ஆவியாகி ஓரத்தைப் பிளக்கும், தேங்காய் எண்ணெயில் கொட்டிக் கருகும், அடுத்த ஈட்டுக்கெல்லாம் கறுப்புப் புள்ளி. எட்டு செ.மீ. வட்டம், மூன்று மி.மீ. கனம், மடித்து முள்கரண்டியால் ஓரம் அழுத்தல். பிசைந்த மாவை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரக் கூடாது. நேரம் ஆக ஆகக் கிழங்கு நீர் விட்டு மாவு கையில் ஒட்டும்.

ஓலைச்சுவடி (போ பசேன்)
சர்க்கரைவள்ளிச் சோமாசி என்று அடைமொழி சேர்த்தால்?

கொங்குத்தம்பி (எபேன், சொந்த ஊர் ஈரோடு)
வடைக்கு ஓர் அடைமொழி, சோமாசிக்கு ஓர் அடைமொழி. அடைமொழி சேர்த்துச் சேர்த்து நீங்கள் எழுதுவது விளக்கம் ஐயா, பெயர் இல்லை. கடையில் போய் “பட்டாணிப் பருப்பு உருண்டை வடை பத்து கொடுங்கள்” என்று யார் கேட்பார்கள்?

வாழையிலை (கத்ர் போர்ன்)
காவடிப் பந்திக்கு இலை போடும் கூட்டத்திலிருந்து எழுதுகிறேன். ருகாயை ஊறுகாய் ஆக்குவதைப் பார்த்ததும் கை பரபரத்தது. ‘ருகாய்’ என்ற சொல் ஊறுகாயிலிருந்து வந்தது, சந்தேகமில்லை. அதற்காக? எங்கள் ருகாய் தக்காளிக் குழம்பு. எண்ணெயில் வெங்காயம், பூண்டு, தைம் இலை வதக்கி, அரைக் கிலோ பழுத்த தக்காளி நறுக்கிப் போட்டு, 15–20 நிமிடம் எண்ணெய் பிரியும் வரை வற்றவிடுவது. எதுவும் ஊறவில்லை. ஊறுகாய் என்று எழுதினால் ஜாடியில் போட்டு வெயிலில் வைக்கப் பார்ப்பார்கள்.

நம் இலையில் ஊறுகாயின் இடத்தில் இருப்பது ‘அசார்’. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸை மெல்லிசாக நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி, துணியில் பிழிந்து, கடுகுத்தூள், மஞ்சள், பூண்டு, எண்ணெய், வினிகரில் பிரட்டுவது. பிழியாமல் விட்டால் நீர் கசிந்து இரண்டாம் நாளே கொழகொழப்பு. ஊறுகாய் என்ற தலைப்பு வேண்டுமானால் அதற்கு வையுங்கள்.

சேன் பியேர் மல்பார் (ரெயூனியோன்)
எங்கள் பக்கம் ‘ருகாய் தொமாத்’ சமைப்பதே இல்லை. தக்காளி, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கல்லுப்பு. உரலில் இடித்து அப்போதே பரிமாறுவது. மாங்காயிலும் உண்டு. அரை நாள் வைத்தால் நீர்த்துப்போகும். ஆனால் தொத்திறைச்சி போட்ட ருகாயை அடுப்பில்தான் வைக்கிறோம். ஒரே தீவில் ஒரே சொல், ஒன்று துவையல், ஒன்று குழம்பு. ஊறுகாய் மட்டும் எதுவும் இல்லை.

கறிவேப்பிலையையும் பாருங்கள். நீங்கள் ‘கரிப்புலே’, நாங்கள் ‘கலுப்பிலே’. இதைக் கறிவேப்பிலை என்று திருத்தி எழுதினால் யாருடைய குழம்பும் கெடாது. சொல் மட்டும் தேய்ந்தால் திருத்துங்கள், பண்டமே மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். கடாய்க்காரி அக்கா முதல் வரியிலேயே சொன்னார்.

ஓலைச்சுவடி (போ பசேன்)
ருகாயில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். சோமாசியிலும். வடையில் தோற்கவில்லை. உருண்டை என்பதால் வடை இல்லை என்றால் தயிர்வடைக்கு உளுந்தை உருட்டிப் போடுகிறவர்களை என்ன செய்வீர்கள்? அட்டையில் மேலே ‘கத்தோ பிமா’, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘பட்டாணிப் பருப்பு வடை வகை’. மூல்க்குவுக்கு முறுக்கு என்றே போகும், அதில் யாரும் வாய் திறக்கவில்லை.

கொங்குத்தம்பி (எபேன், சொந்த ஊர் ஈரோடு)
திறக்கிறேன். முறுக்கினால்தான் முறுக்கு! இங்கே பொட்டலத்தில் வருவது ஒடித்த குச்சி. சரி சரி, விளையாட்டுக்கு. ஊரிலும் அச்சில் பிழிந்ததை முறுக்கு என்றுதான் சொல்கிறோம், கையால் சுற்றுவதைத்தான் கைமுறுக்கு என்று தனியாகப் பிரிக்கிறோம். எழுதிக்கொள்ளுங்கள். வெண்ணெய் அளவை மட்டும் ‘தேவையான அளவு’ என்று விட்டுவிடாதீர்கள். நாலு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி. கூடினால் எண்ணெயில் கரைந்து பொடியாகும், குறைந்தால் பல் போகும்.

கடாய்க்காரி (ரோஸ் ஹில்)
‘வகை’ என்ற சொல் இருக்கிறவரை எனக்குச் சம்மதம் ஐயா. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு திருத்தம்: கத்தோ பிமா அட்டையில் நான் உப்பை எழுதவே இல்லை. அரைக் கிலோ பருப்புக்கு ஒன்றரைத் தேக்கரண்டி, கடாய் காய்ந்த பிறகு, உருட்டுவதற்குச் சற்று முன். முன்னாடியே போட்டால் வெங்காயத்தாள் நீர் விட்டு மாவு தளர்ந்துவிடும்.