போருட்டோ அளாப்பினான் என்றால், நருட்டோ செய்ததற்கு என்ன பெயர்?

பனங்காய்ப்பணியாரம்:
கன நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாது. நேற்று நருட்டோ என்ற ஜப்பானிய நிஞ்சாத் தொடரின் காணொளி ஒன்றின் கீழே ஒரு பெருமகன் எழுதியிருக்கிறார்: "நருட்டோ சொந்தப் பலத்தில் வந்தவன். மகன் போருட்டோ சூனின் தரத்துக்கான நிஞ்சாச் சோதினையில் கருவி கட்டி அளாப்பினவன். அதனால்தான் புதுத் தலைமுறைத் தொடர் உருப்படவில்லை." அதற்கு ஆயிரம் இதயங்கள் வேறு! பழைய தொடரின் எழுத்துச் சோதினையை இவர்கள் ஒருவரும் பார்க்கவில்லையா? சசுக்கே அசைவைக் கொப்பி பண்ணும் ஷாரிங்கன் கண்ணை வைத்து முன்னால் இருந்தவனின் பென்சில் அசைவைப் பார்த்து எழுதினான். காரா மணலில் கண் செய்து எட்டிப் பார்த்தான். டென்டென் கூரையில் கண்ணாடி பொருத்தி லீக்கு விடை காட்டினாள். மண்டபம் முழுக்கக் கொப்பி! அவர்கள் எல்லாரும் வீரர்கள், போருட்டோ மட்டும் கள்ளனா?

சுன்னாகம்_சூறாவளி:
வந்துவிட்டார்கள் புதுத் தலைமுறை வக்கீல்கள். தம்பி, அந்தச் சோதினையே கொப்பி அடிக்கத்தான் வைத்தது. ஆளுக்குப் பத்துப் புள்ளி, ஒரு தரம் பிடிபட்டால் இரண்டு போகும், ஐந்து தரம் பிடிபட்டால் குழுவோடு வெளியே. பிடிபடாமல் தகவல் திருடத் தெரியுமா என்று பார்ப்பதுதான் சோதினையை நடத்திய இபிகியின் நோக்கம். அதிலும் நருட்டோ என்ன செய்தான்? பக்கத்தில் இருந்த ஹினாட்டா "என்னுடையதைப் பார்த்து எழுது" என்று தாளைக் காட்டியும் பார்க்கவில்லை. வெற்றுத்தாளோடு இருந்து, பத்தாவது கேள்விக்கு மேசையில் அடித்துக் கத்தினான். அவன் அளாப்பவில்லை. எழுதி வைத்துக்கொள்ளும்.

பனங்காய்ப்பணியாரம்:
நான் தம்பி இல்லை.

சுன்னாகம்_சூறாவளி:
சரி தங்கச்சி. அளாப்பவில்லை என்பது மாறாது.

பனங்காய்ப்பணியாரம்:
உமக்குத் தங்கச்சியும் இல்லை. ஹினாட்டாவின் தாளை அவன் பார்க்காததற்குக் காரணம் நேர்மையா, பிடிபடும் பயமா என்று ஒருக்கால் திரும்பப் போய்ப் பாரும்.

ஒடியற்கூழ்:
எழுத்துச் சோதினையை விடுங்கோ. இறுதிச் சுற்றில் நெஜியோடு நடந்த சண்டைக்கு வாருங்கோ. சக்கரா என்ற நிஞ்சாச் சக்தி உடம்பில் ஓடுகிற அறுபத்து நான்கு புள்ளியையும் நெஜி அடைத்துவிட்டான், நருட்டோவிடம் சொட்டுச் சக்கரா இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? அவன் உடம்புக்குள் அடைபட்டிருந்த குராமா என்ற ஒன்பதுவால் நரியிடமிருந்து. அதற்கு முதல் பயிற்சிக் காலத்தில் அந்த நரியிடம் "என் உடம்பில் குடியிருக்கிறாய், வாடகையாகச் சக்கரா தா" என்று கேட்டதும் இவர்தான். அப்படி வாங்கியது சொந்தப் பலமா? போருட்டோ மணிக்கட்டில் கட்டிய கோட்டே என்ற கருவிக்குள் இருந்ததும் அடுத்தவன் சக்கரா, நருட்டோ எடுத்ததும் அடுத்தவன் சக்கரா. என்ன வித்தியாசம்?

சுன்னாகம்_சூறாவளி:
வித்தியாசம் சொல்கிறேன், வடிவாகக் கேளும். உடம்புக்குள் இருக்கிறது சொந்தம். மணிக்கட்டில் கட்டியது கடன். நரியைப் பிறந்த அன்றே தகப்பன் மினாட்டோ உள்ளே அடைத்துவிட்டார், அதனாலேயே ஊர் முழுக்க அவனை ஒதுக்கி வைத்தது. அவன் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலி அந்தச் சக்கரா. போருட்டோ என்ன பாடுபட்டான்? கட்டாசுகே என்ற விஞ்ஞானி கருவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான், இவன் கட்டிக்கொண்டு போய்விட்டான். சோதினையில் அந்தக் கருவி தடை என்று தெரிந்துகொண்டே போனான். எதிராளி ஷிகாடாயின் நிழல் வித்தையில் மாட்டியதும் திடீரென்று தன்னைப் போலவே நிழற்பிரதிகளை இறக்கி வென்றான். பிறகு? அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க ஊர்த்தலைவரான ஏழாவது ஹோக்காகே, பெற்ற தகப்பன் நருட்டோ, இறங்கி வந்து அவனது நிஞ்சா நெற்றிப்பட்டியைக் கழற்றினார். தகப்பனே தீர்ப்புச் சொன்ன பிறகு மேன்முறையீடு செய்ய நீங்கள் யார்? உடம்புக்குள் சொந்தம். மணிக்கட்டில் கடன்.

ஒடியற்கூழ்:
அப்படியென்றால் பழைய தொடரில் கங்குரோ சண்டைக்குப் பாவித்த பொம்மை? அது உடம்புக்குள்ளா இருந்தது? கிபா நாயைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தான், அதுவும் நிஞ்சா உபகரணம்தானாம், நடுவரே அனுமதித்தார். நாய் உபகரணம், பூச்சி உபகரணம், கோட்டே மட்டும் பாவமா?

சுன்னாகம்_சூறாவளி:
நாய்க்கு அனுமதி இருந்தது. கோட்டேக்குத் தடை இருந்தது. இதைவிட எளிதாக எப்படிச் சொல்ல?

பனங்காய்ப்பணியாரம்:
அப்போ நீர் இப்போது கதைப்பது விதியைப் பற்றி. சற்று முன் கதைத்தது உடம்பைப் பற்றி. எது உமது நியாயம் என்று முடிவெடுத்துவிட்டு வாரும். அந்தக் கிபாவை உமது வீரர் எதைக்கொண்டு திணறடித்தார் என்றும் சொல்லும். குசு விட்டு! அது உடம்புக்குள் இருந்த சொந்தப் பலம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒடியற்கூழ்:
😂😂😂

வடமராட்சி_வாத்தியார்:
பிள்ளைகள், இரண்டு பக்கமும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அளாப்புதல் என்றால் என்ன என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். உயர்தரக் கணித வினாத்தாளுக்கு மடக்கை அட்டவணை மண்டபத்திலேயே தருகிறார்கள், கால்குலேட்டர் கொண்டுபோனால் பிழை. இரண்டும் கணக்குப் போட உதவுகிற சாமான்தான். ஒன்றை விதி அனுமதிக்கிறது, மற்றதை அனுமதிக்கவில்லை. ஆகவே கேள்வி பலம் பற்றியது அல்ல...

சுன்னாகம்_சூறாவளி:
சேர் என் பக்கம். நன்றி சேர்.

வடமராட்சி_வாத்தியார்:
நான் ஒருவர் பக்கமும் இல்லை. முழுவதையும் வாசியுங்கள்.

ஒடியற்கூழ்:
சேர், போருட்டோ கால்குலேட்டர் கொண்டுபோனான், நருட்டோ கணித வாத்தியாரையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போனான். அதற்கு உங்கள் விதியில் என்ன தண்டனை?

ரொறன்ரோ_தம்பி:
எல்லாரும் ஏன் மினக்கெடுகிறீர்கள்? போருட்டோவை நருட்டோவைப் படைத்த கிஷிமோட்டோ எழுதவே இல்லை. 2016இல் மாங்கா என்ற படக்கதை தொடங்கும்போது எழுதியவர் கொடாச்சி, வரைந்தவர் இக்கெமோட்டோ. கிஷிமோட்டோ எழுதாதது கணக்கில் வராது. இங்கே கனடாவில் இருக்கிற பெடியங்கள் ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

பனங்காய்ப்பணியாரம்:
ரொறன்ரோவில் இருந்து தீர்ப்பு வந்துவிட்டது, எல்லாரும் எழும்பி நில்லுங்கோ. கோட்டே கதை முதலில் வந்தது 2015 திரைப்படத்தில். அதற்குத் திரைக்கதை எழுதியவர் கிஷிமோட்டோவேதான். மாங்காவின் கதையையும் 2020 நவம்பரில் அவரே பொறுப்பெடுத்தார். கணக்கில் வருமா வராதா?

ரொறன்ரோ_தம்பி:
நான் சொன்னது அனிமேயை. 293 அத்தியாயம், பாதி மாங்காவில் இல்லாத நிரப்புக் கதை.

ஒடியற்கூழ்:
நருட்டோவின் இரண்டாம் பாகம் ஷிப்புடென் 500 அத்தியாயத்தில் நிரப்புக் கதையே இல்லையாக்கும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய நினைவுக்குப் போய்ப் போய் எங்கள் உயிரை எடுத்தவர்கள் யார்?

சுன்னாகம்_சூறாவளி:
ஷிப்புடெனைத் தொட வேண்டாம். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களிலும் மடிக்கணினியில் சார்ஜ் தீரும்வரை அதைப் பார்த்த ஆள் நான். நிரப்புக் கதையையும் விடவில்லை. பணியாரம் சொன்னது எனக்குத்தான் சாதகம், கவனித்தீர்களா? கிஷிமோட்டோவே திரைக்கதை எழுதி, கிஷிமோட்டோவே நருட்டோ கையால் நெற்றிப்பட்டியைக் கழற்ற வைத்தார். படைத்தவனே போருட்டோ அளாப்பி என்று சொல்லிவிட்டான். முடிந்தது.

பனங்காய்ப்பணியாரம்:
படைத்தவன் அதோடு விட்டாரா? அவன் ஏன் செய்தான் என்றும் காட்டினாரே. தங்கச்சி ஹிமாவரியின் பிறந்தநாளுக்குத் தகப்பன் தான் வராமல் நிழற்பிரதியை அனுப்பினார். கேக்கைத் தூக்கிக்கொண்டு வரும்போதே பிரதி புகையாகி மறைந்தது, கேக் நிலத்தில். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டும் "என்ன பாடுபட்டான்" என்று கேட்கிறீர்.

சுன்னாகம்_சூறாவளி:
கேக் விழுந்ததற்கு ஒரு சோகம். நருட்டோவுக்குக் கேக் வாங்கித் தரத் தாய்தகப்பனே இல்லை. வீடு இருக்கு, தாய் இருக்கு, தகப்பன் ஊருக்கே தலைவர். வசதியாக வளர்ந்த பிள்ளையின் சிணுங்கலுக்கு இத்தனை அத்தியாயம்.

பண்ணைக்காற்று:
இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சூறாவளி அண்ணை, என் அப்பா கட்டாரில். என் பிறந்தநாளுக்கு வைபரில்தான் வருவார், பாதியில் கோடு அறுந்துவிடும், அம்மா போனைப் பிடித்தபடி அப்படியே நிற்பா. அந்தக் காட்சியை நான் இரண்டாம் தரம் பார்க்கவில்லை. சிணுங்கல் என்று சொல்ல வேண்டாம்.

சுன்னாகம்_சூறாவளி:
தம்பி, உமது அப்பா உழைக்கப் போனவர், அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீர் சோதினையில் கருவி கட்டவில்லைத்தானே?

ஒடியற்கூழ்:
சே. உமக்கு மனுசத்தன்மையே இல்லையா? எதைச் சொன்னாலும் மணிக்கட்டு, மணிக்கட்டு.

சுன்னாகம்_சூறாவளி:
மனுசத்தன்மை பற்றி நீர் கதைக்கிறீரா? ரியூசன் காலத்தில் என்னிடம் வாங்கின ஹார்ட் டிஸ்க் எங்கே? ஷிப்புடென் முழுவதும் அதற்குள் இருந்தது. "ஒரு கிழமையில் தருகிறேன்" என்றீர்.

ஒடியற்கூழ்:
அது தந்தாச்சு! உமது தம்பியிடம் கொடுத்தேன்.

சுன்னாகம்_சூறாவளி:
எனக்குத் தம்பியே இல்லை.

ஒடியற்கூழ்:
சித்தப்பாவின் மகன். சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

ரொறன்ரோ_தம்பி:
இதெல்லாம் ஒரு பிரச்சினையா? இணையத்தில் பார்க்கலாமே.

பனங்காய்ப்பணியாரம்:
நீர் ரொறன்ரோவில் பார்ப்பீர். இங்கே டேட்டா போடுவது யார், உமது மாமாவா?

வடமராட்சி_வாத்தியார்:
நான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால், அளாப்புதல் என்பது விதியைப் பொறுத்தது. தவிர, போருட்டோவின் அந்தச் சண்டையோடு சோதினையே குழம்பிப்போனது. எதிரிகளான மொமோஷிகியும் கின்ஷிகியும் வந்து அரங்கத்தை உடைத்தார்கள். ஆகவே...

சுன்னாகம்_சூறாவளி:
ஆகவே ஒன்றும் இல்லை சேர். அரங்கம் உடைந்தால் கள்ளம் நேர்மையாகிவிடுமா? பணியாரத்துக்கு இன்னொன்று. இந்தத் தொடர் 2021இல் குராமாவையே கொன்றது. நருட்டோவின் வயிற்றில் இருந்த சொந்தத்தைப் பறித்துவிட்டு, மகனின் மணிக்கட்டில் கடனைக் கட்டிவிட்டது. அதற்காகவே நான் இதை ஒருநாளும் தொடர்ச்சி என்று ஏற்கமாட்டேன்.

பனங்காய்ப்பணியாரம்:
சற்று முன் "படைத்தவன் தீர்ப்பு" என்று கும்பிட்டீர், இப்போது அவர் கதையையே ஏற்கமாட்டீராம். 218ஆவது அத்தியாயம்வரை வந்து குராமாவுக்கு அழுதவரும் நீர்தானே? பிடிக்காத தொடரை அவ்வளவு தூரம் பார்த்திருக்கிறீர்!

சுன்னாகம்_சூறாவளி:
எதிரியைத் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன். கோட்டே தடை செய்யப்பட்டதா இல்லையா? ஓம் அல்லது இல்லை.

பனங்காய்ப்பணியாரம்:
நரி அடுத்தவன் சக்கராவா இல்லையா? ஓம் அல்லது இல்லை.

சுன்னாகம்_சூறாவளி:
முதலில் கேட்டது நான்.

ஒடியற்கூழ்:
இழையைத் தொடங்கியது அவ.

பண்ணைக்காற்று:
அண்ணை, உங்கள் சித்தப்பா மகன் சைக்கிளில் ரியூசனுக்கு வருகிறவர்தானே? அவரிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் கண்டிருக்கிறேன். திறந்தால் முழுக்க போருட்டோ.

சுன்னாகம்_சூறாவளி:
எந்த ரியூசன்? எத்தனை மணிக்கு விடும்?