தேக்கில் இலைப்புழு: மருந்து அடிக்கலாமா, விடலாமா?

தோட்டக்காரன்:
மே மாத மழையில் துளிர்த்த இலை முழுக்கப் போய்விட்டது. ஐந்து வயதுத் தேக்கு, வரிசை வரிசையாக மொட்டை. மரத்தடியில் நின்றால் புழுவின் எச்சம் தூறல் போலச் சடசடவென்று உதிர்கிறது. மருந்து அடிக்காமல் எப்படி விடுவது?

காடோடி:
மரம் மறுபடி துளிர்க்கும், பதறாதீர்கள். புழுப்பருவம் இரண்டு வாரத்தை ஒட்டித்தான். அப்புறம் நூல் விட்டு இறங்கிச் சருகுக்கடியில் கூட்டுப்புழு ஆகிவிடும். மொட்டையைப் பார்த்தபின் அடிக்கிற மருந்து, புழுவைத் தின்ன வந்த பறவைக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும்தான் போய்ச் சேரும்.

தோட்டக்காரன்:
துளிர்க்கும், சரி. தண்டு பருக்க வேண்டிய சத்தைச் செலவழித்துத்தானே துளிர்க்கிறது? கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் அளந்து பார்த்தது. புழு தின்றதால் மர வளர்ச்சியில் 44 சதவீதம் இழப்பு. நட்டவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சருகு:
முதலில் எந்தப் புழு என்று சொல்லுங்கள். இலை சல்லடையாகி நரம்புவலை அப்படியே நின்றால் அது இலை அரிக்கும் புழு, யூடெக்டோனா. இலை முற்றி உதிரப்போகும் காலத்தில் வருவதால் வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்காது. அதற்கு மருந்து அடிப்பது வீண்.

தோட்டக்காரன்:
வலை இல்லை. நடுநரம்பும் தடித்த கிளைநரம்புகளும்தான் மிச்சம். தப்பிய இலைகளில் ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, நூலால் ஒட்டிய சின்னக் கூடாரம். பிரித்தால் உள்ளே கருத்த புழு.

சருகு:
அப்போது தேக்கின் இலைதின்னிப் புழு, ஹைப்ளேயா பியூராவேதான். அதன் அந்துப்பூச்சி உட்கார்ந்தால் வெறும் பழுப்பு, சருகோடு சருகு. சிறகை விரித்தால் பின்சிறகில் கருப்பும் ஆரஞ்சும் தெரியும்.

காடோடி:
அப்படியென்றால் இழப்பை ஒப்புக்கொள்கிறேன். ரசாயனத்தை மட்டும் ஒப்பமாட்டேன். இந்தப் புழுவுக்கே நோய் தரும் வைரஸ் ஒன்று உண்டு. அதே நிறுவனம் அதைத் தெளித்துச் சோதித்திருக்கிறது. பறவைக்கும் நமக்கும் கெடுதல் இல்லை.

தோட்டக்காரன்:
அதையும் புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டுமே. அத்தனை உயர மரத்தில் யார் ஏறிப் பார்ப்பது?

காடோடி:
ஏற வேண்டாம். முதல் மழைக்குப் பின் தாழ்ந்த கிளைகளில் துளிரைத் தினமும் திருப்பிப் பாருங்கள். ஓரம் மடிந்திருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்.

தோட்டக்காரன்:
அடுத்த மழைக்குப் பார்க்கிறேன். வைரஸ் கைக்குக் கிடைக்காவிட்டால் மருந்துதான், அதில் மாற்றமில்லை.