காஞ்சி – மாமல்லபுரம் டூர்: பட்டுக்கடையில் மாட்டாமல் போய்வர வழி?

லாஸ்பேட்டைவாசி:
வணக்கம். பாரீசிலிருந்து அத்தை குடும்பம் வருகிறது. மொத்தம் 11 பேர். புதுச்சேரியிலிருந்து ஒரே நாளில் மாமல்லபுரம், காஞ்சிபுரம் போய்வர டெம்போ டிராவலர் பேசுகிறோம். ஒரு ஏஜென்ட் மட்டும் வாடகையை ரொம்பக் குறைத்துச் சொல்கிறார். "கைடு இலவசம், தறி நெசவும் காட்டுவோம்" என்கிறார். கடையில் உட்காரவைக்கத்தான் இது என்று புரிகிறது. ஆனால் அத்தைக்கு இரண்டு பட்டுப்புடவை வாங்கவும் ஆசை. எப்படிப் பேசி வைப்பது?

ஈசிஆர் பயணி:
முதலில் ஊர் வரிசையை மாற்றுங்கள். காலையில் மாமல்லபுரம், மதியம் காஞ்சி என்றுதான் ஏஜென்ட் போடுவார். காஞ்சிக் கோவில்கள் பகல் 12, 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அந்த மூன்றரை மணி நேரம் பெரியவர்களை வெயிலில் வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? ஏசி போட்ட பட்டுக்கடைக்குத்தான். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, திண்டிவனம் வழியாக 8 மணி வாக்கில் காஞ்சியில் இறங்கிவிடுங்கள். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி பார்த்துவிட்டு 12க்குள் புறப்படலாம். மாமல்லபுரத்துச் சின்னங்களுக்கு நடை சாத்தும் நேரம் கிடையாது, மாலை 6 வரை பார்க்கலாம்.

வாடகை குறைந்தால் குறைந்த பணத்தைக் கடைக்காரர் கொடுக்கிறார் என்று பொருள். அவர் அதைப் புடவை விலையில் ஏற்றுவார். 15,000 ரூபாய்ப் புடவையில் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்தால்கூட 3,000 ரூபாய் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. பேட்டா, டோல், பார்க்கிங், பர்மிட் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். "நாங்கள் கேட்காமல் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது" என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி, பாக்கியை ஊர் திரும்பி இறங்கியபின் கொடுங்கள்.

இன்னொன்று. பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை டிக்கெட் 600 ரூபாய், இந்தியர்களுக்கு 40. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் இந்தியக் கட்டணம்தான், மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை தறி:
வாங்கும் எண்ணம் இருப்பதால் சொல்கிறேன். 'தறி காட்டுகிறோம்' என்ற இடத்தில் முன்கூடத்தில் ஒரு தறி ஓடும், மாடியில் விற்பனை. பாய் விரித்து, காபி கொடுத்து, கேட்காமலே முப்பது நாற்பது புடவையைப் பிரித்துப் போடுவார்கள். இவ்வளவு பிரிக்கவைத்துவிட்டுச் சும்மா எழுந்து போவதா என்ற கூச்சம்தான் அவர்களுக்கு மூலதனம். பட்ஜெட்டும் நிறமும் சொல்லி, ஐந்துக்கு மேல் பிரிக்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். காந்தி ரோட்டில் கூட்டுறவுச் சங்கக் கடைகள் உண்டு. அதில் ஒன்றை நீங்களே முடிவுசெய்து வண்டியை அங்கே விடச் சொல்லுங்கள்.

அசல் பட்டுக்குத் தரும் சில்க் மார்க் லேபிளில் ஹாலோகிராமும் எண்ணும் இருக்கும். ஆனால் அது பட்டுக்கு மட்டும் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசியிருக்கும். போலியிலும் உள்நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். அதனால் சிவப்பைப் பார்த்து நம்ப வேண்டாம், சுரண்டினால் செம்பு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் போலி. முந்தானை ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம்: பட்டு, முடி கருகும் வாடையோடு எரிந்து பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். ஊடும் பாவும் இரண்டும் பட்டா என்று தெரிய இரண்டு பக்கமும் நூல் எடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் கொளுத்தினால் போதாது.

லாஸ்பேட்டைவாசி:
மிக்க நன்றி. டிரைவர் "பத்து நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வாங்க" என்று கடை வாசலில் நிறுத்தினால்?

ஈசிஆர் பயணி:
தேவைப்படுகிறவர்கள் மட்டும் இறங்குங்கள், மற்றவர்கள் வண்டியிலேயே இருக்கட்டும். பாதிப் பேர் வெளியே காத்திருந்தால் உள்ளே யாராலும் நிம்மதியாகக் கடை விரிக்க முடியாது. சாப்பாட்டு ஓட்டலையும் நீங்களே முன்கூட்டித் தேர்ந்துகொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் நுகர்வோர்:
பில் விஷயத்தில் அசட்டை வேண்டாம். "பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறோம்" என்பார்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. வெறும் 'சேலை – 1' என்று எழுதவிடாமல், தூய பட்டா, ஜரிகை எந்த வகை என்பதை எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டுக் கடையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், எண்ணும் ஆங்கில எழுத்துமாக மொத்தம் 15 இருக்கும். பில்லில் 'திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாள் வரை திருப்பலாம்.

பில்லை உங்கள் பெயரிலும் புதுச்சேரி முகவரியிலும் போடுங்கள். அத்தை பாரீஸ் போனபிறகு வழக்கு நடத்துவது கஷ்டம். வாங்கியவர் குடியிருக்கும் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் பாருங்கள், பல கடைகள் அந்த நிலையிலேயே இறங்கிவரும்.

வெளிநாட்டு கார்டு தேய்த்தால் மெஷின் யூரோவா ரூபாயா என்று கேட்கும். ரூபாயே தேர்ந்தெடுங்கள், யூரோவில் மாற்று விகிதம் நஷ்டம். 'பார்சலில் அனுப்பிவைக்கிறோம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புடவையைக் கையோடு எடுத்துவந்துவிடுங்கள்.