மறு: அன்செர்டெயின்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘ஐயவரம்பு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘பிழை’ என்றே பாடநூல்களில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

எரர் (அளவீடு மெய்மதிப்பிலிருந்து விலகும் அளவு), அன்செர்டெயின்டி (அளவீட்டோடு ± போட்டு எழுதும் ஐய அளவு) இரண்டையும் ‘பிழை’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம் ஐயா, சிக்கல் அங்கேதான். இளநிலை ஆய்வகத்தில் இது உறுத்தாது. தனி ஊசலை ஆட்டி 20 அலைவுக்கு நேரம் பார்க்கிறோம், புவியீர்ப்பு முடுக்கம் g 9.6 வருகிறது, புத்தகத்தில் 9.8. கழித்து, பிழைச் சதவீதம் போட்டு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடலாம். (விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அலைவுநேரம் எழுதும் கலையும் இங்கேதான் பிறக்கிறது. சரி, அது வேறு கதை.)

முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்ததும் இந்த வழி அடைபடுகிறது. யாரும் அளக்காத ஒன்றை அளக்கும்போது கழித்துப் பார்க்கப் புத்தக விடை ஏது? மெய்மதிப்பு தெரியாதவரை எரர் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. கிடைத்த அளவீடுகளை வைத்து, மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இயற்பியல் மாறிலிகளுக்குப் பரிந்துரை மதிப்புகள் தரும் கோடேட்டா குழுவின் 2018 பட்டியலில் ஈர்ப்பு மாறிலி G எஸ்.ஐ. அலகில் (6.67430 ± 0.00015) × 10⁻¹¹. அந்த 0.00015 யாரும் செய்த தப்பு அல்ல. அதைப் ‘பிழை’ என்று எழுதினால் மாணவர் யாரோ தப்பு செய்ததாகத்தான் படிப்பார்.

இரண்டும் எவ்வளவு வேறு என்பதற்கு ஓப்பரா சோதனையைப் பாருங்கள். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கி.மீ. தள்ளி இத்தாலியில் இருக்கும் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளியைவிட ஏறக்குறைய 60 நானோநொடி முந்தியதாக 2011 செப்டம்பரில் அறிவித்தார்கள். கூடவே கொடுத்த ± மதிப்புகள் ஒவ்வொன்றும் 10 நானோநொடிக்கும் குறைவு. கணக்கு ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஒளியிழை வடம் ஒன்று சரியாகச் செருகப்படாமல் இருந்தது 2012 தொடக்கத்தில் தெரியவந்தது. அந்த வடம் செய்தது பிழை. தாளில் ± போட்டு எழுதியது வேறு. அதற்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை.

> ஹைசன்பர்க்கின் குவாண்டம் விதிக்குச் சொல்லும் ‘நிச்சயமின்மை’யையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். அவர் 1927இல் சொன்னது இயற்கையின் குணம், நல்ல கருவி வாங்கினால் போய்விடாது. ஆய்வக ± அப்படியல்ல, நல்ல கருவியும் கூடுதல் அளவீடுகளும் இருந்தால் சுருங்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் குழம்ப வேண்டுமா?

> வழுவமைதி?

ரசித்தேன் அம்மா! ஆனால் வழு என்றாலே குற்றம்தான், அமைதி சொன்னாலும் குற்றம் குற்றமே. போதாததற்கு, கணினிக்காரர்கள் ‘வழு’வை பக்குக்கு (bug, நிரலில் வரும் கோளாறு) எடுத்துக்கொண்டார்கள்.

என் முன்மொழிவு ‘ஐயவரம்பு’. வரைபடத்தில் ± அளவைக் காட்டும் எரர் பாருக்கு ‘ஐயக்கோடு’ இயல்பாகவே கிடைத்துவிடும்.

இதிலும் ஒரு குறை உண்டு. வரம்பு என்றால் மதிப்பு அதைத் தாண்டாது என்று தோன்றும். வழக்கமாகத் தரும் ஒரு சிக்மா (ஒரு திட்டவிலக்கம்) அளவுக்குள் மெய்மதிப்பு இருக்கும் வாய்ப்போ சுமார் 68% தான், ஏறத்தாழ மூன்றில் ஒருமுறை வெளியே போகும். ‘ஐயவீச்சு’ இதற்குப் பொருந்தும், ஆனால் வீச்சை ஏற்கெனவே ஆம்ப்ளிட்யூடுக்குக் கொடுத்துவிட்டோம். வரம்புக்குப் பதிலாகக் கொஞ்சம் இளக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ‘ஐய’த்தை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியை மட்டும் மாற்றிவிடலாம்.