பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நின்றவர்கள் சொன்னதில் இன்னும் மனசைவிட்டுப் போகாதது எது?

மணியடிப்பவர்

எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் மறுகட்டமைப்பு, 86 பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 24 பேர் குழு, அதில் பெற்றோர் 18. வழக்கம்போல 18 பெயரும் ஒரு முழுத்தாளில் முதல் நாளே எழுதியாச்சு. பார்வையாளராக வந்த வேறு பள்ளி ஆசிரியை அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து, மேல தண்ணி பாட்டிலை வைத்துவிட்டார். "தலைவருக்கு நிக்கிறவங்க எந்திரிச்சு, எதுக்கு நிக்கிறோம்னு சொல்லுங்கம்மா."

மூன்று பேர் எழுந்தார்கள். முதல் அம்மா ஸ்மார்ட் கிளாஸ் கொண்டுவருவேன் என்றார். இரண்டாவது அம்மா டீச்சர் என்ன சொன்னாலும் செய்வேன் என்றார். மூன்றாவது அம்மா வயலிலிருந்து நேரே வந்தவர், முழங்கைவரை சேறு காய்ந்திருந்தது. "பொம்பளப்பிள்ளைங்க கக்கூஸ் சாவி யார்ட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் நிக்கிறேன். எம்மவ காலையிலேர்ந்து தண்ணி குடிக்காமயே வீட்டுக்கு வருது."

கூட்டத்தில் சிரிப்பு. அவருக்குக் கை தூக்கியது 7 பேர். டீச்சர் சொன்னதைச் செய்வேன் என்றவர் தலைவரானார். சாவி யாரிடம் இருக்கிறது என்று கூட்டம் முடியும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சாக்பீஸ்டப்பா

சாவி ஹெச்.எம். (தலைமையாசிரியர்) மேசை இழுப்பறையில் இருக்கும், ஆசிரியர் கழிப்பறைச் சாவியோடு ஒரே வளையத்தில். எல்லா ஊரிலும் இதே கதைதான்.

ஆனால் பூட்டுவது திமிரால் இல்லை. மேலே இருப்பது 500 லிட்டர் தொட்டி. காலையில் மோட்டார் போட்டால் 11 மணி இடைவேளைக்குள் காலி, ஏனென்றால் கீழே ரெண்டு குழாயில் வாஷர் தேய்ந்து ராத்திரி பகலாக ஒழுகிக்கொண்டிருக்கும். தூய்மைப் பணியாளர் வந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை. தண்ணீர் இல்லாத கழிப்பறையைத் திறந்துபோட்டால் மதியத்துக்குள் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் பூட்டு. பூட்டினால் பிள்ளை தண்ணீர் குடிக்காது, அப்புறம் நீர்க்கடுப்பு. அந்த அம்மா கேட்டது சாவியை. பழுது இருப்பது வாஷரில்.

பணக்கணக்கும் பாருங்கள். சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக்கல்வித் திட்டத்தின் தொகுப்பு மானியம், வருஷத்துக்கு 30 பிள்ளைவரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. இந்தப் பள்ளிக்கு 25,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு, அதாவது 2,500. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250 ரூபாய். பினாயில், பிளீச்சிங் பவுடர், ஒரு விளக்குமாறு, தீர்ந்தது. வாஷர் மாற்றும் கூலியை இதில் போட்டால் பினாயிலுக்கு இருக்காது. மீதி 22,500-இல் பராமரிப்பு என்று எழுதினால் தாராளமாக அடங்கும். இந்த விவரம் தெரிந்த ஒருத்தர் குழுவில் இருந்தால் போதும், மற்ற 23 பேரும் டீ குடிக்கலாம்.

இன்னொன்று. 2024-25, ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தி வைத்த வருஷம். மானியம் வரும் என்று நம்பி அந்த ஆகஸ்டில் வாக்குறுதி கொடுத்தவர்கள் பாவம்.

ஐந்தாம்வகுப்பு_ஆ_பிரிவு

"ஒருத்தர் போதும்" என்பது தப்பு சாக்பீஸ். அந்த ஒருத்தர் போய்விட்டால்?

பேச்சில் கெட்டிக்கார அம்மா ஒருவர். "வரவு செலவை மாசாமாசம் கரும்பலகைல எழுதிப் போடணும், அதுக்குத்தான் நிக்கிறேன்" என்றார். ஏகமனதாகத் தலைவர். அவர் பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. குழுவுக்கு ஆயுள் ரெண்டு வருஷம், பையனுக்கு அந்தப் பள்ளியில் மிச்சம் எட்டு மாசம். பிள்ளை அங்கே படிக்காவிட்டால் பெற்றோர் உறுப்பினர் பதவி இல்லை. மே மாசம் ஒரு கையில் டி.சி., மறு கையில் தீர்மான நோட்டு. நோட்டை மேசையில் வைத்துவிட்டு, கரும்பலகையில் அவரே எழுதிய கடைசி மாசக் கணக்கை அழித்துவிட்டுப் போனார். அழிக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் சிக்கல். கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள் தலைவரும் ஹெச்.எம்.மும். தலைவர் மாறினால் புதிய தீர்மான நகல், ஹெச்.எம். கடிதம், புதியவரின் ஆதார், பான், புகைப்படம், எல்லாம் வங்கிக்குப் போகணும். புதியவருக்குப் பான் அட்டை இல்லை. அது வரும்வரை ஒரு ரூபாய் நகரவில்லை. நிற்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பிள்ளை எந்த வகுப்பு?" ஒன்றிலிருந்து மூன்றுவரை என்றால் நிம்மதி.

சாய்தளம்

துணைத் தலைவர் பதவிக்குச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு முன்னுரிமை. அதை ஒரு சடங்காகத்தான் பல இடத்தில் நடத்துகிறார்கள். பெயரை வாசிப்பார்கள், கை தட்டுவார்கள், அத்தோடு சரி.

ஒரு நடுநிலைப்பள்ளியில் அப்படி நின்ற அம்மாவிடமும் ஒப்புக்குத்தான் கேட்டார்கள். அவர் பேசவே இல்லை. மகனின் சக்கர நாற்காலியைச் சாய்தளத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார். ஒரு அழுத்து அழுத்தினார், பாதியில் நின்றது. பின்பக்கம் உடம்பைக் கொடுத்து மேலே ஏற்றினார். பையனை இறக்கி உட்காரவைத்துவிட்டு, வெறும் நாற்காலியைக் கையிலிருந்து விட்டார். அது கடகடவென்று இறங்கிக் கொடிக்கம்பத்தில் போய் மோதியது. "தள்ளுனா ஏறாது, விட்டா நிக்காது. இதுக்குத்தான் நிக்கிறேன்." அன்று யாரும் கை தூக்கச் சொல்லவில்லை, பெயரை நேரே எழுதிக்கொண்டார்கள்.

கட்டிடம் தரையிலிருந்து 2 அடி உயரம். கணக்கு 1-க்கு 12, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், அப்படியென்றால் நீளம் 24 அடி. கட்டியிருந்தது 8 அடி. அதற்கு மேலே சிவப்பு ஆக்சைடு பூசி வழவழவென்று தேய்த்தும் விட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரருக்கு இடம் இல்லாமல் இல்லை, அளவு புத்தகத்தில் "சாய்தளம் 1" என்று எண்ணிக்கை மட்டும் இருந்தது, நீளம் இல்லை.

மதியமூன்றுமணி

மணியடிப்பவர், உங்கள் ஊரில் சிரித்தார்கள். இந்த ஊரில் சிரிக்கக்கூட முடியவில்லை. தலைவர் பெண்ணாக இருக்கணும் என்பதால் ஒரு அம்மா எழுந்தார். எதுக்கு நிக்கிறீங்க என்று கேட்டார்கள். பதில் ஜன்னலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த கணவரிடமிருந்து வந்தது. சுற்றுச்சுவர், கேமரா, கலையரங்கம் என்று அடுக்கினார். அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "பேச்சு அவருது. கையெழுத்து மட்டும் என்னுது" என்றார். தாழ்ந்த குரல்தான், ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது. அது ஒப்புதலா, எச்சரிக்கையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

கணவர் வருவதைப் பற்றி எல்லாரும் கிண்டல் செய்கிறோம். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு. தினக்கூலிக்குப் போகிற அம்மாவுக்கு அரை நாள் கூலி போச்சு. படித்தொகை கிடையாது, பயணப்படி கிடையாது. வேலை இல்லாத கணவர் வருகிறார், அல்லது வேலைக்குப் போகத் தேவையில்லாத வீட்டுப் பெண் வருகிறார். டீச்சர் சொன்னதைச் செய்வேன் என்ற அம்மா எந்த வீட்டுக்காரர் என்று விசாரித்துப் பாருங்கள்.

பி_எட்_முடித்தவர்

2022. குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்த நேரம். இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. ஒரு உயர்நிலைப்பள்ளியில் நின்றவர்களில் ஒருவர் ஒளிவுமறைவே இல்லாமல், "என் தங்கச்சி பி.எட். முடிச்சிட்டு வீட்ல இருக்கு. இந்தக் குழு வழியா ஏதாச்சும் வழி பிறக்கும்னு நிக்கிறேன்" என்றார். எல்லாரும் முகம் சுளித்தார்கள். ஓட்டு அவருக்குத்தான் அதிகம். உண்மையைச் சொன்னவர் என்பதாலா, ஊரில் இன்னும் பத்துத் தங்கச்சிகள் இருப்பதாலா?

தீர்மானநோட்டு

என் பங்குக்குச் சின்னது. கூட்டத்தில் நின்ற ஒருவர், "மினிட்ஸ் புக்கில் வெத்து இடம் விடமாட்டேன்னு ஹெச்.எம். சத்தியம் பண்ணட்டும், நான் நிக்கிறேன்" என்றார். ஹெச்.எம். முகம் சிவந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அவர் சொன்னது என்ன என்று இங்கே பாதிப்பேருக்குப் புரிந்திருக்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். கூட்டம் நடக்கும், பேச்சு நடக்கும், எழுதுவது "அப்புறம்". வருகைக் கையெழுத்தை மட்டும் பக்கத்தின் அடியில் வாங்கிக்கொள்வார்கள். மேலே 20 வரி காலி. மறுநாள் அந்த 20 வரியில் என்ன ஏறும் என்று கையெழுத்துப் போட்ட யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் மோசடி எல்லாம் இல்லை, ஹெச்.எம்.முக்கு அன்றைக்கே எழுத நேரமில்லை. ஆனால் தணிக்கை வரும்போது மாட்டுவது தலைவர் கையெழுத்து.

செய்ய வேண்டியது: தீர்மானத்துக்கு எண். ஒவ்வொன்றுக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர். கடைசி வரி முடிந்த இடத்திலிருந்து ஒரு விரல் இடம்கூட விடாமல் தலைவர் கையெழுத்து. மிச்ச இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அங்கேயே செல்போனில் ஒரு படம். டி.என்.எஸ்.இ.டி. பேரன்ட்ஸ் செயலியில் ஏறுவதும் நோட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒருத்தர் ஒப்பிட்டுப் பார்க்கணும்.

அடுத்து, தீர்மானம் எழுதுகிற விதம். "கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது எந்த மேசைக்கும் போகாது, ஏனென்றால் பதிவேட்டில் கழிப்பறை ஏற்கெனவே இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: "மாணவியர் கழிப்பறை 3-இல் 2 அடைப்பு. தொட்டி இணைப்புக் குழாயில் கசிவு. சரிசெய்ய ஒன்றிய அலுவலகத்தைக் கோருவது." எந்த அலுவலகம் என்பதும் முக்கியம். ஒன்றியப் பள்ளிக் கட்டிடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆசிரியர் காலியிடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். குடிநீர் ஊராட்சி. சத்துணவுப் பணியாளர் சமூகநலத் துறை, ஹெச்.எம்.மைத் திட்டிப் பிரயோசனமில்லை. நாலு துறை விஷயத்தை ஒரே தீர்மானத்தில் கோத்தால் நாலு துறையும் அது அடுத்தவன் வேலை என்று ஒதுக்கிவிடும். துறைக்கு ஒரு தீர்மானம், தனித்தனித் தாள்.

அப்படியும் நகராவிட்டால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகலை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கொடுத்து, இரண்டாவது நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கணும். அன்றைக்குப் போய் எழுந்து நின்று கத்தினால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள்.

பணம் எடுப்பதிலும் ஒன்று சொல்லணும். இப்போது பி.எஃப்.எம்.எஸ். என்ற அரசின் இணையவழிப் பணப்பட்டுவாடா முறை வழியாகத்தான் கடைக்காரர் கணக்குக்கே போகிறது. அச்செடுத்த பட்டுவாடா ஆணையில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுக்கணும். நாள் கடந்தால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. மார்ச் கடைசி வாரத்தில் வங்கி வரிசையில் நின்று செல்லாமல் போன ஆணைகள் ஊருக்கு ஊர் உண்டு. பில்லில் பள்ளியின் பெயர் இருக்கணும், ஹெச்.எம். பெயர் கூடாது.

கழகத்துக்காரர்

எல்லாம் சரி, இதையெல்லாம் காலங்காலமாகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் செய்துகொண்டுதான் இருந்தது. கட்டிடத்துக்கு நன்கொடை வாங்கியது யார்? குழுவா?

தீர்மானநோட்டு

கழகம் சங்கம் நண்பரே. குழு சட்டம், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. 22-ஆம் பிரிவில் பள்ளி வளர்ச்சித் திட்டம் குழுவின் வேலை. நன்கொடை வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கழகத் தலைவர் குழுக் கூட்டத்துக்கு வந்து நடு நாற்காலியில் உட்காருவதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

கழகத்துக்காரர்

நாற்காலி வாங்கிக் கொடுத்ததே கழகம்தான்.

மணியடிப்பவர்

சண்டை வேண்டாம். சாக்பீஸ் சொன்ன வாஷர் விஷயத்தை அந்தப் பள்ளியில் ஒருத்தரிடம் சொன்னேன். வாஷர் மாற்றியாகிவிட்டது. சாவி இன்னும் அதே வளையத்தில்தான்.

சாக்பீஸ்டப்பா

தொட்டியில் தண்ணீர் தங்கினால் பூட்ட ஒரு காரணமும் இல்லையே. ஐந்தாம் வகுப்புக் கதவுக்குப் பின்னால், பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். மாலை மணிக்குப் பிறகு மட்டும் இழுப்பறைக்குப் போகட்டும். சாவிக்கு ஒரு பெரிய மரக்கட்டை கட்டுங்கள், இல்லையென்றால் முதல் வாரமே பாவாடைப் பையில் வீட்டுக்குப் போய்விடும்.

மதியமூன்றுமணி

சாய்தளம், ஒரு சந்தேகம். 24 அடியும் ஒரே நீட்டாகக் கட்டலாமா? நடுவில் தட்டையாக இடம் விடணும் என்கிறார்கள்.

சாய்தளம்

30 அடிக்குள் என்றால் நடுவில் தேவையில்லை. மேலேயும் கீழேயும் 5 அடிக்கு 5 அடி தட்டையாக இருக்கணும், நாற்காலி திரும்ப. அகலம் 4 அடி, ரெண்டு பக்கமும் கைப்பிடி. ஆக்சைடு வேண்டாம், சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிடச் சொல்லுங்கள்.