மலைக்கு திரும்பி வந்த டிசைனர் நான், 9 வருஷ போர்ட்ஃபோலியோவ அப்படியே காட்டலாமா?

பனிமூட்டம்_கோத்தகிரி:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். கோயம்புத்தூர்ல ஒரு விளம்பர ஏஜென்சில 4 வருஷம், அப்புறம் சென்னைல 5 வருஷம் கிராஃபிக் டிசைனரா இருந்தேன். ஏஜென்சினா எது வருதோ அதை பண்ணணும், ஆடி தள்ளுபடிக்கு ஜவுளிக்கடை பேப்பர் விளம்பரம், ஆஸ்பத்திரி சைன்போர்டு, பம்ப்செட் கேட்லாக், ஸ்கூல் அட்மிஷன் ஹோர்டிங், மசாலா பாக்கெட், அபார்ட்மென்ட் ப்ரோஷர்னு எல்லாத்துலயும் கை வச்சாச்சு. அப்பாவுக்கு முடியாம போனதால போன வருஷம் வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துட்டேன், இப்ப ஃப்ரீலான்ஸ்.

இங்க வர்றவங்க எல்லாம் சின்ன டீ பிராண்டு, ஹோம்ஸ்டே, ஹோம்மேட் சாக்லேட், தைலம் விக்கிறவங்க. போன வாரம் ஒரு டீக்காரர்கிட்ட போர்ட்ஃபோலியோ காட்டினேன், பத்து பக்கம் தள்ளிட்டு "பம்ப்செட்டுக்கும் பட்டுப்புடவைக்கும் பண்ணிருக்கீங்க, டீக்கு ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னுட்டார். ரொம்ப கஷ்டமா போச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே துறைய பிடிச்சுக்கோ, மத்ததை தூக்கிடுங்கிறாங்க. அதெல்லாம் எடுத்துட்டா என்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? இன்னொண்ணு, ஒரு ஹோம்ஸ்டேக்கு மூணு லோகோ ஸ்கெட்ச் அனுப்பினேன், பதிலே இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா அதுல ஒண்ணு அவங்க கேட்ல ஃப்ளெக்ஸா தொங்குது. இதெல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

குன்னூர்_பேக்கிங்:
எதையும் எடுக்காதீங்கம்மா. நான் 20 வருஷத்துக்கு மேல டீ பேக்கிங் டிசைன்ல தான் இருக்கேன், அதனால சொல்றேன். அந்த பம்ப்செட் கேட்லாக்ல நீங்க என்ன பண்ணீங்க? பாக்க ஒரே மாதிரி இருக்கிற ஏகப்பட்ட மாடல்ல தன் கிணத்துக்கு எது ஆகும்னு விவசாயி சட்டுனு கண்டுபிடிக்கிற மாதிரி அடுக்கிருப்பீங்க. டீலயும் அதே பிரச்னை தானே. இலைய சுருட்டி செய்யுற ஆர்த்தடாக்ஸ் டீல பெரிய இலை ஓபி, உடைஞ்ச இலை பிஓபி, இன்னும் பொடிசு ஃபேனிங்ஸ்னு போகுது, நசுக்கி குருணையாக்குற சிடிசி டீல டஸ்ட்ங்கிற தூளுக்குள்ளயே பல ரகம், ஆனா கடை ஷெல்ஃப்ல பாத்தா எல்லா பாக்கெட்லயும் பச்சை மலை, ரெண்டு இலை ஒரு மொட்டு, கூடை மாட்டின அம்மா. வாங்க வந்தவங்களுக்கு எது எதுன்னே புரியாது. அதனால கம்பெனி பேர் வாரியா காட்டாம, என்ன சிக்கல் இருந்துச்சு, நான் என்ன பண்ணேன்னு காட்டுங்க, அப்ப பம்ப்செட்டும் டீக்காரருக்கு புரியும்.

அவரோட ஃபேக்டரிக்கு ஒரு நாள் போய் இலைய வாட்டுற இடத்துல இருந்து சலிச்சு ரகம் பிரிக்கிற வரைக்கும் நின்னு பாருங்க. அப்புறம் அவர் கண்டிப்பா பிரிண்ட் பண்ண பவுச் கேப்பார். அதை கிராவூர் பிரிண்டிங்ல, அதாவது டிசைன சிலிண்டர்ல செதுக்கி அடிப்பாங்க, ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர், ஆறு கலர்னா ஆறு சிலிண்டர் காசு, அது போக மினிமம் குவான்டிட்டியே எக்கச்சக்கமா இருக்கும், மாசம் 200 பாக்கெட் விக்கிறவர் அதுல மாட்டிக்கக் கூடாது. ரெடிமேட் ஃபாயில் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்ட சொல்லுங்க, லேஅவுட் ஒண்ணு தான், ரகத்துக்கு ரகம் ஒரு கலர் பட்டை மட்டும் மாறட்டும். லைனிங் இல்லாத பிரவுன் பேப்பர் கவர் அழகா தான் இருக்கும், ஆனா டீத்தூள் ஈரத்தையும் பக்கத்துல இருக்கிற வாசனையையும் இழுத்துக்கும், நம்ம ஊர் மழைக்கு அது ஆகாது. நீலகிரி டீ லோகோவ மத்திய அரசோட டீ போர்டு அனுமதி இல்லாம போடக்கூடாதுங்கிறதையும் முதல்லயே அவர்கிட்ட சொல்லிடுங்க.

ஊட்டி_லேபிள்அக்கா:
தைலம் கேட்டு வந்தா குரோமோங்கிற பளபளப்பு பேப்பர் ஸ்டிக்கர் பக்கமே போகாதீங்க தங்கம். மூடில இருந்து ஒரு சொட்டு வழிஞ்சா போதும், பேப்பர் ஊறி பேரே தெரியாம போயிடும், நான் 500 லேபிள் அடிச்சு அத்தனையும் மாத்திக் கொடுத்திருக்கேன். பிளாஸ்டிக் ஃபிலிம் ஸ்டிக்கர், அது மேல லேமினேஷன், அப்பவும் ஒரு பாட்டில்ல ஒட்டி மேல தைலத்தை ஊத்தி ஒரு நாள் வச்சு பாத்துட்டு தான் மொத்தமா அடிக்கணும். சாக்லேட், டீக்கெல்லாம் உணவு பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம், பச்சை வட்டம், எடை, எம்ஆர்பி, பேக் பண்ண தேதி, எக்ஸ்பைரி தேதி, தயாரிச்சவங்க முகவரின்னு பெரிய லிஸ்ட் வரும். முன்னாடியே இடம் ஒதுக்கலைன்னா கடைசில எறும்பு மாதிரி நுணுக்கி நுணுக்கி போட வேண்டி வரும், எழுத்து எவ்ளோ உயரம் இருக்கணும்னு கூட ரூல் இருக்கு. முழுக்க தமிழ்லயே போடணும்னு ஆசைப்படுறவங்க இருக்காங்க, எனக்கும் ஆசை தான், ஆனா சட்டப்படி அந்த விவரமெல்லாம் இங்கிலீஷ்லயோ இந்திலயோ இருந்தாகணும், தமிழ கூடவே சேத்துக்கலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நம்ம நீலகிரி பழங்குடி தோடர்களோட எம்பிராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அந்த சிவப்பு கருப்பு டிசைன அப்படியே டிரேஸ் பண்ணி ஹோம்ஸ்டே மெனு கார்டுக்கு பார்டரா போட்டு தராதீங்க, ஒவ்வொரு தையலா எண்ணி எண்ணி போடுற பொம்பளைங்களோட உழைப்பு அது.

கூடலூர்_டூ_பெங்களூரு:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். இங்க பெங்களூர்ல ஒரே துறைன்னு உக்காந்தா நல்லா ஓடுது, ஏன்னா அந்த ஒரு துறைலயே அவ்ளோ கம்பெனி இருக்கு. மலைல அப்படி கிடையாது, டீயை மட்டும் நம்பினா பச்சைத் தேயிலை விலை விழுற வருஷம் முதல்ல நிறுத்துற செலவே டிசைன் தான். எல்லாத்தையும் வச்சுக்கோங்க, ஆனா எல்லாருக்கும் எல்லாத்தையும் காட்டாதீங்க. ஒவ்வொருத்தருக்கும் ஆறு பக்கத்துல தனி பிடிஎஃப் போதும்.

எழுத்துப்பித்து:
தமிழ் எழுத்துல பிடிமானம் இருந்தா அதையே முன்னாடி வைங்க. ஆள் இல்லாத இடம் இது. வாட்ஸ்அப்ல வர்ற மேட்டர் யூனிகோடு, பிரஸ்ல இன்னும் பழைய கோரல் டிரா சாஃப்ட்வேர், அதுல திறந்தா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு சிதறிடும், அதனால கர்வ்ஸ் ஆக்காம, அதாவது எழுத்தை படம் மாதிரி வெறும் கோடா மாத்தாம ஃபைல் அனுப்பவே கூடாது. ஆக்கின பிறகு ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டு படிச்சு பாருங்க. முக்தா மலர், பாலூ தம்பி, கேட்டமரான் எல்லாம் ஓப்பன் லைசென்ஸ், கமர்ஷியல் வேலைக்கு தாராளமா போடலாம்.

மேட்டுப்பாளையம்_சுரேகா:
அந்த ஸ்கெட்ச் விஷயம். உங்க கோபம் நியாயம். 1957 காப்பிரைட் சட்டப்படி உரிமைய மாத்திக் கொடுக்கிறதுன்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். நீங்க எழுதிக் கொடுக்காதப்ப அந்த ஸ்கெட்ச் உங்களோடது தான், நீங்க அனுப்பின மெயிலயும் கேட் போட்டோவயும் வச்சு மரியாதையா ஒரு பில் அனுப்புங்க. இனிமே பாதி அட்வான்ஸ் வராம ஸ்கெட்ச் அனுப்பாதீங்க. எழுதிக் கொடுக்கும்போதும் கவனம், எத்தனை வருஷம்னு குறிப்பிடலைன்னா 5 வருஷம்னும், எந்த இடம்னு குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ளன்னும் தான் எடுத்துக்குவாங்க. பேர் முடிவாகுறதுக்கு முன்னாடி டிரேட்மார்க் தேடி பாக்கிறதையும் உங்க ரேட்ல சேருங்க, அதுல தொழிலுக்கு தகுந்த மாதிரி வகுப்பு பிரிச்சிருப்பாங்க, டீ, சாக்லேட்டுக்கு 30ஆம் வகுப்பு, ஹோம்ஸ்டேக்கு 43.

பனிமூட்டம்_கோத்தகிரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். காலைல அந்த டீக்காரருக்கு போன் பண்ணி ஃபேக்டரி பாக்கணும்னு கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு வியாழக்கிழமை வாம்மான்னார். பம்ப்செட் கேட்லாக்க முதல் பக்கத்துக்கு கொண்டு வந்துட்டேன். அக்கா, ஃபாயில் பவுச்சுக்கு ஸ்டிக்கர் சிவகாசில அடிக்கவா, கோயம்புத்தூரே போதுமா?

ஊட்டி_லேபிள்அக்கா:
200, 300க்கெல்லாம் கோயம்புத்தூர் டிஜிட்டலே போதும், ஆயிரக்கணக்குல போகும்போது சிவகாசி பாத்துக்கலாம். முதல்ல பத்து மட்டும் அடிச்சு பவுச்ல டீத்தூள் நிரப்பி ஒட்டி ஜன்னலோரமா ஒரு வாரம் வைங்க, ஓரம் தூக்குச்சுன்னா பசை மாத்த சொல்லணும்.